ஆன் ஆர்பரில் எந்தப் பக்கம் வீடு எடுப்பது?

கேள்வி: வணக்கம் மேடம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் பிஎச்.டி. சேர ஆகஸ்டில் ஆன் ஆர்பர் வருகிறேன். மனைவியும் மகளும் கூடவே வருகிறார்கள். எனக்கு எஃப்-1, அவர்களுக்கு எஃப்-2 விசா. மகளுக்கு ஜூலையில் 5 வயது முடிகிறது. முதல் வருடம் கார் வாங்குவதாக இல்லை. இப்போது மூன்று வீடுகள் கையில் இருக்கின்றன. ஒன்று, சென்ட்ரல் கேம்பஸ் பக்கத்தில் ஒரு பழைய வீட்டின் மாடி. மூன்று பெட்ரூம், மொத்த வாடகை 2,700 டாலர். என் கல்லூரி ஜூனியர்கள் இரண்டு பேர் கூடச் சேருகிறார்கள், என் பங்கு 1,200. இரண்டாவது, இப்சிலாண்டியில் இரண்டு பெட்ரூம், 1,250. மூன்றாவது, பிளிமத் ரோடு பக்கம் இரண்டு பெட்ரூம், 1,650. எனக்கு முதலாவது பிடித்திருக்கிறது. அப்பா இரண்டாவது என்கிறார். மனைவி மூன்றாவது என்கிறாள். வீட்டைப் பார்க்காமலே டெபாசிட் அனுப்பச் சொல்கிறார்கள், அனுப்பலாமா?
— பெயர் வேண்டாம், கோவை

பதில்: உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. அவர் என்ன காரணம் சொன்னார் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் இந்த வீட்டில் பகல் முழுக்க இருக்கப்போகிறவர் அவர்தான். நீங்கள் காலையில் லேப் போனால் இருட்டிய பிறகுதான் வருவீர்கள். எஃப்-2 விசாவில் வேலைக்குப் போக முடியாது. கார் இல்லை. பிப்ரவரி மாதம், வெளியே பனி, மணி மூன்று. மகளைக் கூட்டிக்கொண்டு அவர் நடந்து போய் வர அந்த வீட்டைச் சுற்றி என்ன இருக்கிறது? கடிதத்தில் நான்கு இடத்தில் வாடகை எழுதியிருக்கிறீர்கள், இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. என்னிடம் வருகிற குடும்பங்கள் ஒரு வருடத்தில் வீடு மாறுவதற்குச் சொல்கிற காரணம் பெரும்பாலும் வாடகை இல்லை, இதுதான்.

முதல் வீட்டை முதலில் முடித்துவிடுவோம். அதை விட்டுவிடுங்கள். மூன்று காரணம் இருக்கிறது.

முதல் காரணம் கொஞ்சம் வேடிக்கையானது. "கேம்பஸ் பக்கத்தில்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் டிபார்ட்மெண்ட் அந்த கேம்பஸில் இல்லை! இன்ஜினியரிங் கல்லூரியின் பெரும்பகுதி ஆற்றுக்கு அந்தப் பக்கம், நார்த் கேம்பஸில் இருக்கிறது. மெக்கானிக்கல்காரர்களின் ஜி.ஜி. பிரவுன் கட்டிடமும் அங்கேதான். நடுவே ஹூரான் ஆறு. அதனால் சென்ட்ரல் கேம்பஸ் பக்கம் கூடுதல் வாடகை கொடுத்துக் குடியிருந்துவிட்டு தினமும் பஸ் ஏறி வடக்கே போவீர்கள். விளம்பரத்தில் "கேம்பஸுக்கு ஐந்தே நிமிடம்" என்று போட்டிருந்தால் எந்த கேம்பஸ், நடந்தா காரிலா என்று கேளுங்கள். கல்லூரி ஊர்களில் இந்த ஒரு வரியை நம்பி ஏமாறுகிறவர்கள் ஏராளம்.

இரண்டாவது, லீஸ். மூன்று பேரும் ஒரே லீஸில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு என்று ஒரு பிரிவு இருக்கும், இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். உங்கள் பங்கு 1,200 என்பது உங்கள் மூவருக்குள் பேசிக்கொண்டது. வீட்டுக்காரருக்கு அந்தக் கணக்கு தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. ஜூனியர்களில் ஒருவர் டிசம்பரில் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போகிறார், இன்னொருவர் கோடையில் இன்டர்ன்ஷிப் கிடைத்து கலிபோர்னியா போகிறார், இரண்டு பேரும் வாடகையை நிறுத்திவிட்டார்கள். வீட்டுக்காரர் முழு 2,700 டாலரையும் உங்களிடமே கேட்கலாம். குடும்பத்தோடு அங்கேயே இருப்பவர் நீங்கள்தானே, உங்களைப் பிடிப்பதுதான் அவருக்குச் சுலபம். பிள்ளைகள் நல்லவர்களாகவே இருக்கலாம், 23 வயதில் யாருக்கும் ஒரு வருடம் ஓரிடத்தில் இருப்போம் என்று உறுதி சொல்ல முடியாது. தனி ஆளாக வருகிறவருக்கு இப்படிச் சேர்ந்து எடுப்பது நல்ல வழிதான். அவர்களுக்கும் நான் சொல்வது, முடிந்தால் ஆளுக்கொரு தனி லீஸ் தருகிற இடமாகப் பாருங்கள் என்று. மாணவர்களுக்கென்றே கட்டிய பெரிய அபார்ட்மெண்டுகளில் படுக்கைக் கணக்கில் தனி லீஸ் போடுவார்கள். பக்கத்து அறைக்காரர் ஓடிப்போனால் அது உங்கள் தலையில் விழாது.

மூன்றாவது காரணம்தான் எனக்கு முக்கியம். பழைய வீட்டின் மாடி என்கிறீர்கள். சென்ட்ரல் கேம்பஸைச் சுற்றியுள்ள மர வீடுகள் பல இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியவை. அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் கலப்பதை 1978-இல்தான் தடை செய்தார்கள். அதற்கு முந்தைய வீடுகளில் அடியில் எங்கோ அந்தப் பெயிண்ட் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. மேலே நன்றாகப் பூசி மூடியிருந்தால் ஆபத்து குறைவு. ஜன்னல்தான் வில்லங்கம். பழைய மர ஜன்னலை ஏற்றி இறக்கும்போதெல்லாம் பெயிண்ட் உரசி மெல்லிய தூளாக விளிம்பில் படியும். குழந்தை அங்கே கைவைத்து வேடிக்கை பார்க்கும், அதே கை வாய்க்குப் போகும். ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும் என்பதில் சந்தேகமே இல்லை. 1978-க்கு முன் கட்டிய வீட்டை வாடகைக்கு விடும்போது, ஈயப் பெயிண்ட் பற்றித் தமக்குத் தெரிந்ததை எழுத்தில் சொல்லி, அதற்கான கையேட்டையும் கொடுக்க வேண்டும் என்று மத்திய அரசின் சட்டமே இருக்கிறது. கையெழுத்துக்கு முன்பே அந்தத் தாளைக் கேளுங்கள். கேட்டதும் வீட்டுக்காரர் முகம் சுளித்தால் அதிலேயே பாதி பதில் கிடைத்துவிடும்.

இப்போது அப்பாவின் கட்சி. பிளிமத் ரோடு வீட்டைவிட மாதம் 400 டாலர் குறைவு, வருடத்துக்கு 4,800. மாணவர் உதவித்தொகையில் இது பெரிய பணம், அப்பா சொல்வதைத் தள்ளிவிட முடியாது. இப்சிலாண்டி மோசமான ஊரும் இல்லை. ஈஸ்டர்ன் மிச்சிகன் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது, அதுவும் கல்லூரி ஊர்தான், ஆன் ஆர்பரில் கட்டுப்படியாகாத பலர் அங்கே சந்தோஷமாக இருக்கிறார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோரிடம் கார் உண்டு. ஏழெட்டு மைல் தூரம் காரில் ஒன்றுமே இல்லை. பஸ்ஸில் வாஷ்டெனா அவென்யூ வழியாக ஆன் ஆர்பர் நகர மையம் வரலாம், அந்த ரூட் அடிக்கடி ஓடும். உங்களுக்கு அதற்கப்புறம் நார்த் கேம்பஸுக்கு இன்னொரு பஸ் மாற வேண்டியிருக்கும். காலையில் முக்கால் மணி நேரமாவது போகும், பஸ் தவறினால் ஒரு மணி நேரத்தைத் தாண்டும். திரும்பவும் அதே. ஒரு நாளைக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம். நவம்பர் வந்ததும் "பழைய கார் ஒன்று வாங்கிவிடலாம்" என்று தோன்றும். மிச்சிகனில் கார் இன்சூரன்ஸ் நாட்டிலேயே அதிகம் வசூலிக்கிற இடங்களில் ஒன்று. இங்கே ஓட்டிப் பழக்கமில்லாத புதியவருக்கு இன்னும் கூடும். அதோடு பார்க்கிங் பெர்மிட், பெட்ரோல், பனிக்கால ரிப்பேர். அந்த 400 டாலர் அதற்கே பற்றாது. கார் கட்டாயம் வாங்குவேன் என்று நீங்கள் எழுதியிருந்தால் நானும் அப்பா பக்கம்தான் பேசியிருப்பேன்.

சரி, பிளிமத் ரோடு. அது நார்த் கேம்பஸின் வடக்கு ஓரத்தை ஒட்டிப் போகிறது. பல்கலைக்கழகத்தின் சொந்த பஸ்களுக்கு டிக்கெட் கிடையாது. ஊர் பஸ்ஸான 'தி ரைட்'டில் மாணவர் அடையாள அட்டையைக் காட்டினால் உங்களுக்குக் காசு இல்லை. மனைவி டிக்கெட் எடுக்க வேண்டும், அதையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் சூப்பர் மார்க்கெட் இருக்கிறது, டிராவர்வுட் கிளை நூலகம் இருக்கிறது. இந்த நூலகத்தை நான் சும்மா சொல்லவில்லை. குளிர்காலத்தில் சின்னக் குழந்தையோடு, காசு செலவில்லாமல், கதகதப்பாக இரண்டு மணி நேரம் உட்கார இந்த ஊரில் அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. மற்ற அம்மாக்களும் அங்கேதான் வருவார்கள். தமிழ் பேசுகிறவர்களும் உண்டு.

ஆனால் பிளிமத் ரோடு நீளமானது. "பிளிமத் ரோடு பக்கம்" என்பது நூலகத்துக்கு எதிரிலும் இருக்கலாம், நெடுஞ்சாலையைத் தாண்டி நடைபாதையே இல்லாத இடமாகவும் இருக்கலாம். அதனால் சரியான முகவரியை வாங்கி இப்படிச் செய்து பாருங்கள். கூகுள் மேப்ஸில் வீட்டு முகவரியிலிருந்து ஜி.ஜி. பிரவுன் கட்டிடத்துக்கு பஸ் வழி கேளுங்கள். தேதியை அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமைக்கு மாற்றுங்கள், ஒன்பது மணிக்குப் போய்ச் சேர வேண்டும் என்று போடுங்கள். ஜூலைத் தேதிக்குப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள், விடுமுறைக் காலத்தில் பல்கலைக்கழக பஸ்களின் நேரமே வேறு. அப்புறம் இரவு ஒன்பதரைக்குத் திரும்பி வருவதற்கு, அப்புறம் ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு. கடைசியாக வீட்டிலிருந்து சூப்பர் மார்க்கெட்டுக்கு நடக்கும் வழியைத் தெருப் படத்தில் ஒவ்வொரு அடியாகப் பாருங்கள். நடைபாதை தொடர்ந்து வருகிறதா, பெரிய சாலையைக் கடக்கிற இடத்தில் சிக்னல் இருக்கிறதா? மனைவியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பாருங்கள்.

மகளுக்குப் பள்ளிக்கூடம். மிச்சிகனில் செப்டம்பர் 1-க்குள் 5 வயது முடிந்தால் கிண்டர்கார்டன் சேரலாம். உங்கள் மகளுக்கு இந்த வருடமே இடம் உண்டு, அரசுப் பள்ளியில் கட்டணம் கிடையாது. எந்தப் பள்ளி என்பதை உங்கள் முகவரிதான் தீர்மானிக்கும். ஆன் ஆர்பர் பள்ளி மாவட்டத்தின் எல்லையும் ஊரின் எல்லையும் ஒன்றல்ல. தபால் முகவரியில் ஆன் ஆர்பர் என்று போடுகிற வீடு பக்கத்துப் பள்ளி மாவட்டத்தில் விழுவதும் உண்டு. லீஸ் போடுவதற்கு முன் முகவரியைச் சொல்லி மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள், ஒரு மின்னஞ்சல் போதும். சேர்க்கைக்குக் கையெழுத்தான லீஸ், தடுப்பூசிப் பட்டியல், பிறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். ஊரிலிருந்தே அசலைக் கொண்டு வாருங்கள்.

மூன்றில் எது என்பதைப் பேசிவிட்டோம். உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். நார்த் கேம்பஸிலேயே நார்த்வுட் என்று குடும்பத்தோடு வருகிற மாணவர்களுக்காகப் பல்கலைக்கழகம் நடத்துகிற குடியிருப்பு இருக்கிறது. ஏன் விட்டீர்கள் என்று தெரியவில்லை. புதிதாக, கார் இல்லாமல், குழந்தையோடு வருகிறவருக்கு முதல் வருடத்துக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான். பாதிப் பேர் உங்களைப் போலவே எங்கிருந்தோ குழந்தையோடு வந்தவர்கள். பல்கலைக்கழகமே வீட்டுக்காரர் என்பதால் கடன் வரலாறு (அமெரிக்காவில் கடன் வாங்கிக் கட்டிய பதிவு) இல்லை என்ற பேச்சும் பெரிதாக எழாது. வீடுகள் பழையவை, எளிமையானவை. போட்டோ பார்த்தால் மனம் கவராது. இன்றே விண்ணப்பம் போட்டுவையுங்கள். வாடகைக்குள் ஹீட்டிங், தண்ணீர், கரண்ட், இன்டர்நெட் எது அடக்கம் என்று கேட்டு, பிளிமத் ரோட்டின் 1,650-ஓடு அப்புறம் ஒப்பிடுங்கள். ஹீட்டிங்கை நீங்களே கட்டுகிற வீட்டில் ஜனவரி பில் வேறு மாதிரி இருக்கும், அதுவும் கரண்டில் ஓடுகிற ஹீட்டராக இருந்தால் கேட்கவே வேண்டாம். "ஹீட்டிங் கேஸா, கரண்டா, யார் கட்டுவது, போன ஜனவரி எவ்வளவு வந்தது" — லீசிங் ஆபீஸில் இந்த மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டுவிடுங்கள்.

இனி டெபாசிட். பார்க்காத வீட்டுக்குப் பணம் அனுப்பலாமா என்றால், யாருக்கு என்பதைப் பொறுத்தது. ஆபீஸ், போர்டு, சொந்த இணையதளம் எல்லாம் வைத்து நடத்துகிற அபார்ட்மெண்ட் என்றால், லீஸை முழுக்கப் படித்து, இரண்டு பக்கமும் கையெழுத்தான பிறகு அவர்கள் தளத்தின் வழியாகவே கட்டலாம். வெளிநாட்டிலிருந்து வருகிற எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஃபேஸ்புக் குழுவில் அறிமுகமான தனி ஆளுக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள். "நான் வெளியூரில் இருக்கிறேன், பணம் வந்ததும் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்" என்றாலோ, கிஃப்ட் கார்டு கேட்டாலோ, பக்கத்து வீடுகளைவிட வாடகை பாதியாக இருந்தாலோ பேச்சை நிறுத்திவிடுங்கள். ஆன் ஆர்பரில் வாடகை வீடுகளை நகராட்சி சோதனை செய்து சான்று கொடுக்கிறது. அந்த முகவரி வாடகை வீடாகப் பதிவானதா, சான்று நடப்பில் உள்ளதா என்று நகராட்சியில் விசாரிக்க முடியும். வீடியோ காலில் வீட்டைக் காட்டச் சொல்லுங்கள், தெருவிலிருந்து கதவு எண்ணோடு ஆரம்பித்து உள்ளே வரச் சொல்லுங்கள். அடுப்புக்கு மேலே இருக்கிற ஃபேன் புகையை வெளியே தள்ளுகிறதா, உள்ளேயே சுற்றுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளேயே சுற்றுகிற வகை என்றால் நீங்கள் தாளிக்கிற நேரமெல்லாம் ஸ்மோக் அலாரம் அலறும்.

டெபாசிட் எவ்வளவு கேட்கலாம் என்பதற்கு மிச்சிகனில் 1972-இலிருந்தே சட்டம் இருக்கிறது. ஒன்றரை மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. 1,650 என்றால் 2,475 டாலர். முதல் மாத வாடகையைத் தனியாக முன்கூட்டி வாங்கலாம். "கடைசி மாத வாடகையும் இப்போதே" என்று கேட்டால் அதுவும் டெபாசிட் கணக்கில்தான் சேரும். ஒன்றரை மாதம் டெபாசிட், அதோடு கடைசி மாத வாடகை என்று இரண்டையும் கேட்பது வரம்பு மீறல். கடன் வரலாறு இல்லாதவர்களிடம் இப்படிக் கேட்கிற பழக்கம் உண்டு. சண்டை போட வேண்டாம். டிபார்ட்மெண்ட் கொடுத்த உதவித்தொகைக் கடிதம், ஐ-20 (விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தருகிற படிவம்), வங்கி இருப்பு மூன்றையும் அனுப்பி, சட்டத்துக்குட்பட்டு எவ்வளவு என்று எழுதிக் கேளுங்கள். பெரும்பாலும் இறங்கி வருவார்கள். குழந்தை இருக்கிறது என்பதற்காக வீடு இல்லை என்று சொல்வதும், சில சிறு விதிவிலக்குகள் தவிர, 1988-இல் நிறைவேறிய மத்திய சட்டத்தின்படி கூடாது. லீஸில் மகள் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள், மறைக்க வேண்டிய விஷயம் இல்லை.

இன்னொரு சிக்கல் உங்களுக்கு இன்னும் தெரிந்திருக்காது. மாணவர் பகுதி லீஸ்கள் பல ஆகஸ்ட் கடைசியில்தான் ஆரம்பிக்கும். நீங்கள் ஆகஸ்ட் முதல் வாரத்தில் இறங்கினால் நடுவே இரண்டு மூன்று வாரம் குடும்பத்தோடு எங்கே தங்குவது? கோடையில் ஊருக்குப் போன மாணவர்களின் சப்லீஸ் (அவர்கள் எடுத்த வீட்டை அவர்களிடமிருந்து உள்வாடகைக்கு எடுப்பது) மலிவாகக் கிடைக்கும், ஆனால் வீட்டுக்காரரின் எழுத்துச் சம்மதம் இல்லாத சப்லீஸை எடுக்காதீர்கள். அதைவிட, லீஸ் தொடங்கும் தேதியைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுவது நல்லது. குடும்பம் ஒரு மாதம் கழித்து வந்தாலும் ஒன்றும் கெட்டுவிடாது, மகளின் பள்ளித் தேதியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இலையுதிர் காலச் சனிக்கிழமைகளில் வருவதாக இருந்தால் முதலில் பல்கலைக்கழகத்தின் அமெரிக்க ஃபுட்பால் அட்டவணையைப் பாருங்கள். இங்குள்ள மைதானத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். சொந்த மைதானத்தில் மேட்ச் என்றால் அன்றைக்கு ஊரில் எதுவும் நகராது, ஓட்டல் அறை விலையைச் சொல்லவே வேண்டாம்.

சாவி கையில் வந்த அன்று தூக்கக் கலக்கத்தில் இருப்பீர்கள், இருந்தாலும் ஒரு வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். வீட்டுக்காரர் ஒரு சரிபார்ப்புப் பட்டியலை இரண்டு பிரதி கொடுக்க வேண்டும். 7 நாளுக்குள் வீட்டின் நிலையைக் குறித்து ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். எல்லோரும் "நன்றாக இருக்கிறது" என்று டிக் அடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். நீங்கள் இப்படி எழுதுங்கள்: "சமையலறை மேடை, அடுப்புக்கு இடப்பக்கம், இரண்டு அங்குலக் கருகல். பெரிய பெட்ரூம் கார்ப்பெட், ஜன்னல் அடியில் பழுப்புக் கறை, உள்ளங்கை அளவு. குளியலறைக் கதவு சாத்தினால் பூட்டவில்லை." ஒவ்வொன்றுக்கும் போட்டோ எடுத்து, அன்றைக்கே உங்கள் மின்னஞ்சலுக்கும் அனுப்பிவையுங்கள். காலி செய்யும்போது 4 நாளுக்குள் புது முகவரியை எழுத்தில் கொடுத்துவிட்டால், 30 நாளுக்குள் அவர் டெபாசிட்டைத் திருப்ப வேண்டும், அல்லது எதற்கு எவ்வளவு பிடித்தேன் என்று பட்டியல் அனுப்ப வேண்டும். பட்டியலில் அந்தக் கருகல் இருந்தால், முதல் வாரத்தில் நீங்கள் எழுதிக் கொடுத்த தாளை அவர் முன் வைக்கலாம்.

குடியேறிய 10 நாளுக்குள் புது முகவரியைப் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கும் தெரிவித்துவிடுங்கள், அது உங்கள் விசா நிபந்தனை. நார்த்வுட்டிலிருந்து பதில் வந்தால் அந்த லீஸையும் பிளிமத் ரோடு லீஸையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள், கையெழுத்துப் போடுவதற்கு முன் படித்துச் சொல்கிறேன்.